இலவச இடம், சலுகைக் கட்டணம், உதவிபெறும் பள்ளி, அரசுப் பள்ளி: எதில் சேர்ப்பது?

ஏப்ரல் பிறந்தால் இந்தக் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். மூன்று வயதுக் குழந்தை, மாதச் சம்பளம் பதினைந்தாயிரத்தைத் தாண்டாது, அடுத்த தெருவில் ஒரு மெட்ரிக் பள்ளி. "தனியார் பள்ளியின் 25 சதவீத இலவச இடத்துக்குப் போட்டுப் பார்க்கலாமா? குலுக்கலில் விழாவிட்டால் தாளாளரைப் பார்த்து ஃபீஸைக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாமா? இல்லை, பேசாமல் அரசுப் பள்ளியிலேயே விட்டுவிடலாமா?" கேட்பவர்கள் எல்லோரும் எல்கேஜி ஃபீஸைத்தான் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறார்கள். நான் பார்க்கச் சொல்வது ஒன்பதாம் வகுப்பை. இந்த நான்கு வழிகளும் பிரிவது அங்கேதான்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு உதவிபெறும் பள்ளிகள் மேல் கொஞ்சம் சாய்வு உண்டு. அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

எதை வைத்து அளப்பது

முதலாவது, பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆகும் மொத்தச் செலவு. கல்விக் கட்டணம் அதில் ஒரு பகுதிதான். இரண்டாவது, வழியில் எந்த வகுப்பில் சலுகை நிற்கிறது என்பது. மூன்றாவது, இன்றைக்கு எடுக்கும் முடிவால் பதினெட்டு வயதில் எந்த உரிமை கைவிட்டுப் போகிறது என்பது. இதை யாரும் கேட்பதே இல்லை. நான்காவது, பிள்ளை யாரோடு உட்கார்ந்து படிக்கும், அங்கே அதை எப்படி நடத்துவார்கள் என்பது. ஐந்தாவது, வீட்டில் பாடம் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிறதா, நடந்து போகும் தூரமா என்பது. ஐந்தாவதை நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். மற்ற நான்கைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

1. தனியார் பள்ளியில் 25 சதவீத இடம் (ஆர்டிஇ)

2009-ல் வந்து 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின்படி, அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் குறைந்தது 25 சதவீத இடங்களை நலிவடைந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுக் குழந்தைகளுக்கு ஒதுக்க வேண்டும். எட்டாம் வகுப்பு முடியும் வரை கல்விக் கட்டணம் கிடையாது. தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள் இருந்தால் 'நலிவடைந்த பிரிவு'. பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் எல்லோரும் 'வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவு'. இவர்களுக்கு சாதிச் சான்றிதழ் போதும், வருமான வரம்பு இல்லை. வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் பள்ளிகளுக்குத்தான் முன்னுரிமை. இடங்களைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல். ஆதரவற்ற குழந்தைகள், மாற்றுத்திறனாளிக் குழந்தைகள், தூய்மைப் பணியாளர் குழந்தைகள் போன்றோருக்குக் குலுக்கலுக்கு முன்பே இடம் உண்டு.

வருமான வரம்பு இல்லை என்ற அந்த வரியைக் கவனியுங்கள். பிற்படுத்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த கடைக்காரர் வீட்டுக் குழந்தையும் கொத்தனார் வீட்டுக் குழந்தையும் ஒரே குலுக்கலில் நிற்கிறார்கள். 'ஏழைகளுக்கான ஒதுக்கீடு' என்று ஊர் சொல்வதற்கும் உள்ளே நடப்பதற்கும் இடைவெளி இருக்கிறது.

எல்லாப் பள்ளியும் இந்தப் பட்டியலில் வராது. 2012-ல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று சொன்னபோதே உதவி பெறாத சிறுபான்மைப் பள்ளிகளுக்கு விலக்குக் கொடுத்தது. 2014-ல் அந்த விலக்கு எல்லாச் சிறுபான்மைப் பள்ளிகளுக்கும் விரிந்தது. ஊரில் பெயர்பெற்ற கான்வென்ட்டை இணையத்தில் தேடித் தேடிக் காணாமல் சலித்துப்போகும் பெற்றோருக்குக் காரணம் இதுதான்.

சரி, இடம் கிடைத்துவிட்டது. இப்போது ரசீதைப் பாருங்கள். கல்விக் கட்டணம் என்ற வரியில் பூஜ்யம். அதற்குக் கீழே புத்தகம், நோட்டு, சீருடை இரண்டு செட், ஷூ, சாக்ஸ், பெல்ட், டை, டைரி, அடையாள அட்டை, ஸ்மார்ட் கிளாஸ், ஆண்டு விழா. வேன் தனி. இந்தச் செலவு வருடத்துக்குப் பத்தாயிரம் என்று வைத்துக்கொண்டால், எல்கேஜி முதல் எட்டு வரை பத்து வருடத்தில் ஒரு லட்சம். புத்தகத்துக்கும் சீருடைக்கும் இந்தப் பிள்ளைகளிடம் வாங்கக் கூடாது, அந்தச் செலவு அரசைச் சேர்ந்தது என்று 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. தீர்ப்பைச் சொல்லிக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் பள்ளி ஏன் இப்படி நெருக்குகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு மாணவருக்கு அரசு செய்யும் செலவு, பள்ளி வாங்கும் கட்டணம், இரண்டில் எது குறைவோ அதைத்தான் அரசு பள்ளிக்குத் திருப்பித் தருகிறது, அதுவும் தாமதமாக. அந்தக் குறையை 'இதர கட்டணம்' என்ற பெயரில் உங்களிடம் ஈடுகட்டப் பார்க்கிறார்கள்.

அரசுகளுக்கு நடுவே சண்டை வந்தால் இந்த வழியே அடைபட்டுவிடும். பிஎம் ஸ்ரீ என்ற மத்திய அரசின் பள்ளித் திட்டத்தில் தமிழக அரசு கையெழுத்திடவில்லை என்று மத்திய அரசு கல்வி நிதியை நிறுத்தி வைத்தது. 2025-26 சேர்க்கை ஏப்ரலில் தொடங்கவில்லை, அக்டோபரில்தான் தொடங்கியது. அப்போதும் ஏற்கெனவே அந்தந்தப் பள்ளியில் சேர்ந்துவிட்ட குழந்தைகளுக்குள்தான் தேர்வு நடந்தது. ஜூனில் பணம் புரட்டிக் கட்ட முடிந்தவர்களுக்குக் கட்டணம் திரும்பியது. கட்ட முடியாதவர்கள் போட்டியிலேயே இல்லை. ஏழைக்கான திட்டம் கையில் காசு இருந்தவனுக்கு மட்டும் கிடைத்த வருடம் அது.

இனி ஒன்பதாம் வகுப்பு. எட்டு முடிந்ததும் சலுகை நின்றுவிடும். அடுத்த ஜூனில் முழுக் கட்டணம். பத்து வருட நண்பர்கள், பழகிய பள்ளி, பதினான்கு வயது. அந்த நேரத்தில் "இனி இங்கே வேண்டாம்" என்று சொல்ல எந்த அப்பா அம்மாவுக்கும் மனம் வராது. நகையை வைத்துக் கட்டுகிறார்கள். ஆனால் ஒன்பதாம் வகுப்பில் அரசுப் பள்ளிக்கு மாறுவதில் ஒரு பெரிய லாபம் ஒளிந்திருக்கிறது. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுச் சட்டம் 2020-ல் வந்தது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு அது. கூடவே, எட்டு வரை தனியார் பள்ளியில் ஆர்டிஇ இடத்தில் படித்துவிட்டு, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கும் உண்டு. கல்லூரி போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்திலும் இதே விதி. ஆக, ஆர்டிஇ இடத்தில் இருக்கும் பிள்ளைக்கு ஒன்பதாம் வகுப்பு வரை கதவு திறந்திருக்கிறது. பணம் கட்டிப் படிக்கும் பிள்ளைக்கு அந்தக் கதவு ஆறாம் வகுப்பிலேயே மூடிவிடும். ஆர்டிஇ-ல் சேர்ந்ததற்கான சான்றை எட்டாம் வகுப்பு முடிந்ததும் தலைமையாசிரியர் கையெழுத்தோடு வாங்கிவிடுங்கள். நான்கு வருடம் கழித்துப் போய்க் கேட்டால் அந்தப் பள்ளியில் யார் இருப்பார்களோ தெரியாது.

அப்புறம், கூட உட்காரும் பிள்ளைகள். வசதியான வீட்டுப் பிள்ளைகளோடு ஏழை வீட்டுப் பிள்ளைகளைச் சேர்த்து உட்கார வைத்தால் என்ன ஆகும் என்று டெல்லியில் பொருளியலாளர் கௌதம் ராவ் ஆராய்ந்து 2019-ல் வெளியிட்டார். மலிவு விலையில் அரசு நிலம் பெற்ற டெல்லித் தனியார் பள்ளிகள் 2007 முதல் ஏழைக் குழந்தைகளைச் சேர்க்க வேண்டியிருந்தது. அந்த வகுப்புகளைத்தான் அவர் பார்த்தார். ஏழை நண்பர்களோடு படித்த பணக்காரப் பிள்ளைகள் அதிகம் பகிர்ந்தார்கள், ஏழைப் பிள்ளைகளை ஒதுக்குவது குறைந்தது, மதிப்பெண்ணில் பெரிய பாதிப்பு இல்லை. "இவர்களைச் சேர்த்தால் தரம் போய்விடும்" என்று புலம்பும் நிர்வாகங்களுக்கு இது நல்ல பதில். ஆனால் அந்த ஆய்வு அளந்தது பணக்காரப் பிள்ளை என்ன ஆனது என்பதை. நம் பிள்ளைக்கு அங்கே எப்படி இருக்கும் என்பதற்குப் பள்ளி வாசலில்தான் விடை தேட வேண்டும்.

ஆர்டிஇ பிள்ளைகளைத் தனி வகுப்பில் போடக் கூடாது, சீருடை, நூலகம், விளையாட்டு எதிலும் வேறுபாடு காட்டக் கூடாது என்று விதி இருக்கிறது. வகுப்பறையில் பெரும்பாலும் ஒன்றாகத்தான் உட்காருகிறார்கள். பிரிவு வருவது வேறு இடத்தில்: ஆண்டு விழா டான்ஸுக்கு உடை வாடகை, சுற்றுலாப் பணம், பிறந்தநாள் சாக்லேட். பணம் கொடுக்காத பிள்ளை மேடைக்குக் கீழே உட்கார்ந்து கைதட்டும். விண்ணப்பிக்கும் முன் மாலை நாலு மணிக்குப் பள்ளி வாசலில் நின்று, ஏற்கெனவே அங்கே ஆர்டிஇ-ல் படிக்கும் பிள்ளையின் அம்மாவிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: போன வருடம் ஆண்டு விழாவில் உங்கள் பிள்ளை ஆடியதா? ஆசிரியர்கள் 'ஆர்டிஇ பசங்க' என்று சொல்கிறார்களா?

2. தனியார் பள்ளியில் சலுகைக் கட்டணம்

குலுக்கலில் விழாதவர்களும் சிறுபான்மைப் பள்ளியை விரும்புபவர்களும் போகும் வழி. தாளாளரைப் பார்ப்பது, கவுன்சிலரிடம் சிபாரிசு வாங்குவது, பங்குத்தந்தையிடம் கடிதம் வாங்குவது. கிடைக்கவும் செய்கிறது. ஆனால் எவ்வளவு சலுகை என்று நம்புவதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு ஒவ்வொரு தனியார் பள்ளிக்கும் கட்டணத்தை நிர்ணயிக்கிறது. நிர்ணயித்த கட்டணம் 18,000 என்று வைத்துக்கொள்வோம். பள்ளி கேட்பது 28,000. நீங்கள் கெஞ்சிக் கேட்டதும் "சரிம்மா, உங்களுக்காக இருபதாயிரம்" என்கிறார்கள். இதற்குப் பெயர் சலுகையா? நிர்ணயித்ததைவிட 2,000 அதிகம் கொடுத்துவிட்டு நன்றியும் சொல்லிவிட்டு வருகிறீர்கள்.

உண்மையான சலுகையாகவே இருந்தாலும் அது வாய்மொழி. வருடா வருடம் போய் நிற்க வேண்டும். தாளாளர் மாறினால், மகன் பொறுப்புக்கு வந்தால், பிள்ளை ஒரு தேர்வில் மதிப்பெண் குறைந்தால் போய்விடும். எந்த வகுப்பு வரை, எவ்வளவு, எந்த நிபந்தனையில் என்று எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுக்கும் பள்ளியை, இந்த ஒரு வருடத்துக்கு மட்டும் தருகிறது என்றே கணக்குப் போடுங்கள்.

பாக்கி விழுந்தால் டிசி (மாற்றுச் சான்றிதழ்) தரமாட்டார்கள் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. மாற்றுச் சான்றிதழில் கட்டணப் பாக்கி என்று குறிப்பிடக் கூடாது, சேர்க்கைக்கு டிசி-யைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்தப் பயத்தில் வட்டிக்கு வாங்கிக் கட்ட வேண்டாம்.

நான்கில் கடைசியில் அதிகம் இழப்பது இந்த வழியில்தான். 7.5 சதவீதம் இல்லை, மாதம் ஆயிரம் இல்லை. எட்டாம் வகுப்பில் எழுதும் என்எம்எம்எஸ் தேர்வும் இல்லை. அதில் தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் உதவித்தொகை, ஆனால் அரசு, உதவிபெறும் பள்ளி மாணவர்களுக்கு மட்டும். (ஆர்டிஇ பிள்ளையும் தனியார் பள்ளியில் இருப்பதால் இதை எழுத முடியாது.) இருந்தும் சில வீடுகளுக்கு இது சரியான வழிதான். அம்மா அதே பள்ளியில் வேலை பார்க்கிறார், அல்லது பள்ளிக்கு அறக்கட்டளைப் பணம் இருந்து பன்னிரண்டு வரை எழுத்தில் தருகிறார்கள் என்றால் தயங்க வேண்டாம். மற்றவர்கள் ஐந்தாம் வகுப்போடு வெளியே வரத் திட்டம் வைத்துக்கொண்டு உள்ளே போங்கள்.

3. அரசு உதவிபெறும் பள்ளி

ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுக்கும், நிர்வாகம் தனியாருடையது. தமிழ்வழிப் பிரிவில் கல்விக் கட்டணம் இல்லை; பாடநூல், சத்துணவு உண்டு. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2024-ல் ஊரக உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் 2025 ஆகஸ்டில் நகர்ப்புறத்துக்கும் வந்துவிட்டது. பல ஊர்களில் உள்ளதிலேயே பழைய பள்ளி, பெரிய மைதானம், நல்ல நூலகம் இதில்தான் இருக்கும். வகுப்பிலும் நல்ல கலப்பு: நகராட்சி ஊழியர் பிள்ளை, டெய்லர் பிள்ளை, கடைக்காரர் பிள்ளை எல்லோரும் ஒரே பெஞ்சில்.

ஏமாறும் இடம் ஒன்று உண்டு. அதே வளாகத்தில், அதே பெயரில் ஆங்கிலவழிப் பிரிவு இருக்கும். பெரும்பாலும் அது சுயநிதிப் பிரிவு. அங்கே கட்டணம் உண்டு, ஆசிரியருக்கு அரசுச் சம்பளம் இல்லை. கல்லூரியில் மாதம் 1,000 தரும் தமிழ்ப் புதல்வன் (ஆண்களுக்கு), புதுமைப் பெண் இரண்டும் உதவிபெறும் பள்ளியைப் பொறுத்தவரை தமிழ்வழியில் படித்தவர்களுக்குத்தான். சேர்க்கைப் படிவத்தில் எந்தப் பிரிவு என்று பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். 'கட்டட நிதி' என்று கேட்டால் ரசீது கேளுங்கள். 7.5 சதவீதம் உதவிபெறும் பள்ளிக்குக் கிடையாது. அது பெரிய குறைதான்.

கலப்பு இருப்பதால் சமத்துவமும் இருக்கும் என்று எண்ணிவிட முடியாது. ஒரே சமூகத்தின் கையில் நிர்வாகம் இருக்கும் பள்ளிகள் நிறைய. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரை வீடு புகுந்து வெட்டியவர்கள் அவருடைய பள்ளியில் படித்த மாணவர்களே. அதையடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளிப் பெயர்களில் சாதியை நீக்குவது, மணிக்கட்டில் சாதிக் கயிறு கட்டுவதைத் தடை செய்வது அதன் பரிந்துரைகளில் சில. பள்ளியைப் பார்க்கப் போகும்போது பெரிய வகுப்புப் பையன்களின் கையைப் பாருங்கள். கலர் கலராகக் கயிறு தெரிந்தால் தலைமையாசிரியரிடம் கேளுங்கள்.

4. அரசுப் பள்ளி

செலவு மிகக் குறைவு, பின்னால் கிடைக்கும் உரிமைகள் மிக அதிகம். காலை உணவு, சத்துணவு, பாடநூல், சீருடை, காலணி, பேருந்துப் பயணம், மேல்நிலையில் சைக்கிள். 7.5 சதவீதம் 2021 முதல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டப் படிப்புகளுக்கும் வந்தது. அதில் சேரும் மாணவர்களின் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. முதல் வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் படித்தால், அரசுப் பணி நேரடி நியமனத்தில் தமிழ்வழிக்கான 20 சதவீத முன்னுரிமையும் உண்டு. இந்த 20 சதவீதம் உதவிபெறும் பள்ளியின் தமிழ்வழிக்கும் பொருந்தும். ஆங்கிலவழி ஆர்டிஇ இடத்துக்குப் பொருந்தாது, பின்னால் தமிழ்வழிக்கு மாறினாலும் வராது.

மறைந்த செலவு டியூஷன். பல தொடக்கப் பள்ளிகளில் இரண்டு ஆசிரியர்களே ஐந்து வகுப்பையும் பார்க்கிறார்கள். அந்த இருவரும் நல்லவர்களாக அமைந்துவிட்டால், முப்பது பிள்ளைக்கு இரண்டு ஆசிரியர் என்பது எந்த மெட்ரிக் பள்ளியிலும் கிடைக்காத கவனிப்பு. ஒருவர் நீண்ட விடுப்பில் போனால் வருடம் போச்சு. ஆகவே 'அரசுப் பள்ளி எப்படி?' என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. உங்கள் தெருப் பள்ளியில் மூன்றாம் வகுப்புப் பிள்ளையைத் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பத்தி வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள், கழிப்பறையைப் பாருங்கள்.

கலப்பு இங்கே குறைந்துகொண்டே வருகிறது. கொஞ்சம் வசதி வந்தவர்கள் எல்லாம் பிள்ளைகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். 25 சதவீத ஒதுக்கீடும் அதற்கு ஒரு காரணம்: அரசுப் பணத்திலேயே, அக்கறையுள்ள பெற்றோரின் பிள்ளைகளை முதலில் வெளியே அனுப்புகிறது.

ஒரே பார்வையில்

| | ஆர்டிஇ இடம் | சலுகைக் கட்டணம் | உதவிபெறும் (தமிழ்வழி) | அரசுப் பள்ளி |
|---|---|---|---|---|
| கல்விக் கட்டணம் | 8 வரை இல்லை | உண்டு | இல்லை | இல்லை |
| மறைந்த செலவு | இதர கட்டணம், வேன் | வருடா வருடம் நிச்சயமின்மை | கட்டட நிதி | டியூஷன் |
| சலுகை நிற்கும் இடம் | 9-ஆம் வகுப்பு | எப்போது வேண்டுமானாலும் | இல்லை | இல்லை |
| 7.5 சதவீதம் | 9-ல் அரசுப் பள்ளிக்கு மாறினால் | 6-ல் மாறினால் | இல்லை | உண்டு |
| என்எம்எம்எஸ் | இல்லை | இல்லை | உண்டு | உண்டு |
| கல்லூரியில் மாதம் 1,000 | 9-ல் மாறினால் (பெண்களுக்கு) | 6-ல் மாறினால் | உண்டு | உண்டு |
| தமிழ்வழி 20 சதவீதம் | ஆங்கிலவழியில் இல்லை | ஆங்கிலவழியில் இல்லை | உண்டு | தமிழ்வழியில் உண்டு |

யாருக்கு எது

ஒரு கிலோமீட்டருக்குள் நல்ல தனியார் பள்ளி, வாசலில் கேட்ட அம்மாக்கள் நல்லபடியாகச் சொன்னார்கள், வீட்டில் ஒருவருக்காவது ஆங்கிலப் பாடம் பார்த்துக்கொடுக்கத் தெரியும், ஒன்பதில் அரசுப் பள்ளிக்கு மாற மனம் இருக்கிறது என்றால் ஆர்டிஇ-க்குக் கண்ணை மூடிக்கொண்டு விண்ணப்பியுங்கள். மாறும் திட்டத்தைப் பிள்ளைக்கு ஆறாம் வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள். எட்டின் கடைசி நாளில் சொன்னால் தாங்காது. ஒன்பதில் மாற முடியாது, பன்னிரண்டு வரை அங்கேயேதான் என்றால், கடைசி நான்கு வருடக் கட்டணத்தை இன்றைய விலையிலாவது எழுதிக் கூட்டிப் பாருங்கள்.

வீட்டில் யாருக்கும் ஆங்கிலம் வராது, இருவருமே வேலைக்குப் போகிறார்கள் என்றால் உதவிபெறும் பள்ளியின் தமிழ்வழி அல்லது நல்ல அரசுப் பள்ளி. பிள்ளைக்குப் புரிகிற மொழியில் ஐந்து வருடம் படித்தால் டியூஷன் பணமும் மிச்சம். இரண்டு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இன்னொன்றையும் யோசியுங்கள்: குலுக்கல் ஒவ்வொரு குழந்தைக்கும் தனி. மூத்தவள் டை கட்டி வேனில் போக, தம்பி நடந்து போக வேண்டி வரலாம். "எனக்கு மட்டும் ஏன்?" என்று அவன் கேட்பான்.

குலுக்கலில் விழாதவர்களுக்கு: அந்த ஏமாற்றத்தோடு அன்றைக்கே போய் அதே பள்ளியில் பணம் கட்டிவிடாதீர்கள். அரசுப் பள்ளியும் பெரும்பாலான உதவிபெறும் பள்ளிகளும் ஐந்து வயதில் முதல் வகுப்பில்தான் சேர்க்கின்றன. அதுவரை அங்கன்வாடி இருக்கிறது. சில இடங்களில் அரசுப் பள்ளி வளாகத்திலேயே எல்கேஜி, யுகேஜி நடக்கிறது. இரண்டு வருடம் அதில் விட்டால், பக்கத்தில் இருக்கும் எல்லாப் பள்ளிகளையும் நிதானமாகப் பார்த்துவரவும் நேரம் கிடைக்கும்.